சக்கரை எறங்கிருச்சு

ஏனுங்க தம்பி, இது கோபி பஸ்சுதானுங்களே? கவுந்தப்பாடியில நிக்குமல்ல? அப்பச் சரி. சித்த நீங்க சன்னலோரத்துக்குப் போயிக்கறீங்களா? வெயிலு உங்க மேலதான் படும், கோவிச்சுக்காதீங்க. எனக்காவக் கேக்கலீங்க, நான் வெயில்லயே வெந்தவன். இந்தப் பைக்கு நெழல் வேணும். பையில என்னங்களா? மோருங்க. வெயில் பட்டா மோரு புளிச்சுப்போகுமல்ல.

ரொம்பச் சந்தோசமுங்க. உங்களுக்கு எந்த ஊரு, கோபியா? நமக்குக் கவுந்தப்பாடி. நாச்சிமுத்துன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. சக்கரைக்கார நாச்சிமுத்துன்னு கேளுங்க, சந்தையில எந்தச் சின்னப்பிள்ளையும் கையக் காட்டும். நாட்டுச் சக்கரை யாவாரம். எங்கப்பன் காலத்துலருந்து.

ஒண்ண மொதல்லயே தெளிவாச் சொல்லிப்போடறனுங்க. சக்கரை வேற, அஸ்கா வேற. கரும்புப்பாலக் காச்சிப் பொன்னாட்டம் பொடி பண்றமே, அது சக்கரை. ஆலையில வெள்ளையா வருதே, அது அஸ்கா. எங்கூட்டுக்குள்ள அஸ்கா அடியெடுத்து வெச்சதில்லீங்க. கல்யாணமான புதுசுல என்ற சம்சாரம் துளசிமணி ஒரு பொட்டணம் வாங்கியாந்துட்டா. எறும்புக்குப் போடுன்னுட்டேன். எறும்பே தொடலைன்னு கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லுவனுங்க. தொட்டுச்சு. நல்லாத்தான் தின்னுச்சு. யாவாரத்துக்குச் சொல்றதுதானுங்க அதெல்லாம்.

இப்ப நீங்களே சொல்லுங்க, படிச்சவராட்டத் தெரியறீங்க. ஒரு சீக்குக்குச் சக்கரை வியாதின்னு பேரு வெச்சிருக்காங்களே, வெச்சவன் யாரு? அவன் மட்டும் என்ற கையில கெடைக்கோணும். இதா பாருங்க, மனு. திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு வாங்கறாங்கல்ல, அதுக்குன்னே எழுதிக்கிட்டுக் காலையில ஈரோடு போனனுங்க. மொதக் கோரிக்கை, அந்தச் சீக்கு பேர அஸ்கா நோய்னு மாத்தோணும். ரெண்டாவது கோரிக்கை, தனியார் ஆஸ்பத்திரியில சின்ன வயசுப் பிள்ளைகளுக்குச் சொட்டு சொட்டாக் காசு புடுங்கறத நிறுத்தோணும். கையெழுத்து நல்லாருக்குதுங்களா? அது என்ற பொண்ணு எழுதினது. எழுதறப்பச் சிரிச்சுக்கிட்டே இருந்தா, எதுக்குன்னு தெரியல.

என்ற பொண்ணு மேகலா. கோபியில பி.காம் ரெண்டாவது வருசம் படிக்கறா. ஒரே பொண்ணு. அவளுக்குத்தானுங்க வந்துச்சு. போன கார்த்திகையில தண்ணி தண்ணின்னு குடிச்சா, ஆளு நூலா எளைச்சுப்போனா. நாங்க பரிச்சைக்குப் படிச்சு எளைக்கறான்னு நெனச்சோம். ரத்தம் பாத்துப்போட்டு ஈரோட்டுல ஒரு டாக்டரம்மா சொல்லுது, "சார், உங்க பொண்ணுக்குச் சக்கரை."

தம்பி, எனக்கு எப்புடி இருந்திருக்கும்? யாரு மகளுக்கு? சக்கரைக்காரன் மகளுக்கு! நம்ம சக்கரையச் சாப்பிட்டா ஒரு சீக்கும் அண்டாதுன்னு கடையில போர்டு எழுதி வெச்சிருக்கறனுங்க. அது வெளியில தெரிஞ்சா நாளைக்கு எவன் மூட்டை எடுப்பான்? காளியண்ணன்னு ஒருத்தர் இருக்கறாரு, எனக்கு மச்சான் மொறை, எதுத்த கடை. அவுரு காதுல விழுந்தாப் போதும், பவானி வரைக்கும் தண்டோராப் போட்டுருவாரு.

அந்த டாக்டரம்மா மெட்ராஸ்காரங்க. "சக்கரையைப் பார்த்துத்தான் சார் குடுக்கணும், அளவோட"ன்னு சொல்லுச்சு. துளசிமணி கண்ணீரும் கம்பலையுமா நிக்கறா. நாந்தான் அவளுக்கு வெளக்கிச் சொன்னேன். மெட்ராசுல அஸ்காவத்தான் சக்கரைம்பாங்க, அவங்களுக்கு வித்தியாசந் தெரியாது, அந்தம்மா அஸ்காவச் சொல்லுது, அது நம்மூட்டுலதான் இல்லியே, கவலைய விடுன்னேன். டாக்டரம்மா என்னயே பாத்துச்சு. "சார், ரெண்டும் ஒண்ணுதான். ஆனா உங்க பொண்ணுக்கு வந்தது எதையும் சாப்பிட்டதால வந்ததில்ல. சின்ன வயசுல சில பேருக்கு உடம்புல இன்சுலின் சுரக்கறதே நின்னுடும். ஊசி போட்டா எல்லாரையும் போல இருப்பா"ன்னுச்சு. எனக்குப் பாதி உசுரு திரும்பி வந்துச்சுங்க. அம்மா, இது சக்கரை தின்னு வந்ததில்லன்னு உங்க ஆஸ்பத்திரி தாள்ல எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, கடையில கண்ணாடி போட்டு மாட்டிக்கறேன்னு கேட்டேன். குடுக்கலீங்க. வெளிய கூப்புட்டு அடுத்த ஆளப் பாக்க ஆரம்பிச்சிருச்சு.

சித்தோடு வந்திருச்சுங்களா? இருங்க, இந்த மனுவச் சித்த விரிச்சுப் பை மேல போட்டுக்கறேன். வெயிலு இக்கட்ட, நம்ம பக்கம் திரும்புது. ஆ, இப்பச் சரி.

எங்க விட்டேன்? ஊசி. ஆயுசுக்கும் ஊசியாமுங்க. தெனமும் நாலு வேளை. மாசாமாசம் மருந்து வாங்கோணும். யாவாரின்னா என்ன பண்ணுவான் தம்பி? தெனம் வேணுங்கற பொருளச் சில்லறையில வாங்குவானா? ஈரோட்டுல தெரிஞ்ச மருந்துக்கடையில பேசி, ஆறு மாசத்துக்கு மொத்தமா, சல்லிசு வெலைக்கு அடிச்சுக்கிட்டு வந்துட்டேன். கவருமெண்டுப் பெரியாஸ்பத்திரியில சும்மாவே குடுக்கறாங்கன்னு துளசிமணி சொன்னா. அங்க போயி வரிசையில நின்னா நாலு பேரு பாப்பாங்கல்ல? வேண்டாம்னுட்டேன்.

அதக் கொண்டாந்து எங்க வெக்கறது? பிரிட்ஜுலதான் வெக்கோணும்னு மருந்துக்கடைக்காரன் சொன்னான். எங்கூட்டுப் பிரிட்ஜு சத்திரமாட்டமுங்க. யாவாரிக வர்றாங்க, சொந்தக்காரங்க ஒரம்பரைன்னு வர்றாங்க, வர்றவங்க எல்லாரும் தண்ணி பாட்டில் எடுக்கறேன்னு கதவத் தொறந்து உள்ள இருக்கறதெல்லாம் எட்டிப் பாத்துப்போட்டுத்தான் மூடுவாங்க. அதனால ஒரு டப்பாவுல போட்டு, குடோனுல சக்கரை மூட்டைகளுக்கு நடுவுல பத்திரமா வெச்சேன். தகரக் கொட்டாய், ஈரம் அண்டாது. என்ற சக்கரை ஒரு வருசம் அங்க இருந்தாலும் ஒரு பொடி கெட்டதில்ல. மருந்து தீந்தா நானே எடுத்தாந்து கையில குடுப்பேன். கடையில இருந்து வாங்கியாறேன்னு மேகலா அம்முணி நெனச்சுக்கிட்டா. நானும் சொல்லிக்கல.

சித்திரையில ஒரு நாள் வகுத்தால போகுதுன்னா, வாந்தி எடுத்தா, மூச்சு வாங்குது. கிட்டப் போயி மோந்து பாத்தா, தம்பி, வாயில இருந்து ஒரு வாசம் வருது பாருங்க, கனிஞ்ச பழமாட்டம். பாகு பதத்துக்கு வர்றப்ப வருமே, அந்த மாதிரி. நம்ம சக்கரைதான் உடம்புக்குள்ள நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சுட்டனுங்க. மத்தியானம் பேச்சு கொழறிப்போச்சு. துளசிமணி போட்ட கத்துல தெருவே கூடிருச்சு. காரு புடிச்சு ஈரோடு ஓடினோம். நான் பின்னால உக்காந்து அவ தலைய மடியில வெச்சுக்கிட்டு, கண்ணத் தொற சாமி, கண்ணத் தொற சாமின்னு சொல்லிக்கிட்டே போறேன். தொறக்கல.

அந்த நெனப்பு வேண்டாமுங்க, விடுங்க.

நேரா ஐசியூ. டாக்டரம்மா வெளிய வந்து கேக்குது, "ஊசி ஒழுங்கா போட்டாளா?" ஒரு வேளை விட்டதில்லீங்கன்னேன். "மருந்தை எங்க வச்சிருந்தீங்க?" ரொம்பப் பத்திரமா வெச்சிருந்தனுங்க, தகரக் கொட்டாய் குடோனுல, ஒரு ஈரம் அண்டாதுன்னேன். அந்தம்மா கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுது. மறுக்காப் போட்டுது. "சார், சித்திரை வெயில்ல தகரத்துக்கு அடியில வச்சா அது மருந்தில்ல, வெறும் தண்ணி. இத்தன நாளா உங்க பொண்ணு தண்ணியத்தான் ஊசியில ஏத்திட்டு இருந்திருக்கா."

இதுல என்ற தப்பு என்ன இருக்குது சொல்லுங்க? ஒரு பொருளுன்னா வெயில் மழை தாங்கோணுமல்ல? தாங்காதத எதுக்குச் செய்யறாங்க? இத மூணாவது கோரிக்கையா எழுதச் சொன்னனுங்க. அம்முணி பேனாவ மூடி வெச்சுட்டா.

அப்பறம் பில்லு. அய்யோ, அந்தப் பில்லு! மணிக்கொருக்கா வெரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சக்கரை பாக்கறாங்க. ஒவ்வொரு சொட்டுக்கும் தனிக் காசு. நான் மூட்டை மூட்டையாச் சக்கரை வித்துச் சம்பாரிச்சத, அவங்க சொட்டுச் சொட்டாச் சக்கரை பாத்தே வாங்கிட்டாங்க தம்பி. கையுறைக்குக் காசு. ஏறுன தண்ணிக்குக் காசு, தண்ணி ஏத்துன மிசினுக்கு வாடகை. பெரிய டாக்டர் கண்ணாடி வழியா எட்டிப் பாத்தாரு, அதுக்கு ஒரு வரி போட்டிருந்துச்சு. நானும் நாள் பூராக் கண்ணாடி வழியாத்தான் எட்டிப் பாத்துக்கிட்டு நின்னேன், எனக்கு ஆரு குடுத்தாங்க? எல்லாஞ் சேத்து ஒண்ணே முக்கால் லட்சம். ஆறு மாச மருந்துல நான் மிச்சம் புடிச்சது ரெண்டாயிரத்துச் சொச்சம்.

இன்சூரன்சு இருந்துச்சுங்க. கேக்கப் போனா, பொண்ணுக்குச் சக்கரை இருக்கறத எழுதாம மறைச்சுட்டீங்க, அதனால கெடையாதுங்கறான். கூடப் பொறந்தவன்கிட்டயே மறைச்சவன் நானு, ஊரு பேரு தெரியாத கம்பெனிக்காரன்கிட்டச் சொல்லுவனா? அந்த நாயத்த அவன் காதுலயே போட்டுக்கலீங்க.

இனித்தான் இருக்குது கூத்து. கேளுங்க.

ஊருக்குள்ள குடல்வால் ஆப்பரேசன்னு சொல்லி வெச்சிருந்தேன். அதக் கேட்டுப்போட்டுக் காளியண்ணன் மச்சான் ரெண்டு யாவாரிகளக் கூட்டிக்கிட்டு, ஆரஞ்சுப் பழமும் ஆர்லிக்சுமா ஐசியூ வாசலுக்கே வந்துட்டாரு. மாப்பிள, எதுக்கும் பயப்படாதீங்க, குடல்வால் இப்பெல்லாம் சாதாரணம்னு என்ற தோளத் தட்டிக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருக்கறாரு. எனக்குக் கண்ணு கதவு மேலயே இருக்குது. அன்னிக்குக் காலையிலதான் டாக்டரம்மா சொல்லிருந்துச்சு, இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சக்கரை எறங்கியாகணும், எறங்கலைன்னாக் கஷ்டம்னு.

அப்பப் பாத்து நர்சுப் பொண்ணு கதவத் தொறந்து தலைய நீட்டிச் சத்தமாக் கேக்குது, "சக்கரைக்கு யாரு வந்திருக்கீங்க?"

நாலு பேரும் ஒண்ணா எந்திரிச்சமுங்க! நாலு பேருமே சக்கரைதானுங்களே!

அந்தப் புள்ள நாலு பேரையும் பாத்துச்சு. எவன் அப்பன்னு தெரியல. பொதுவாச் சொல்லிப்போட்டுப் போயிருச்சு, "சக்கரை எறங்கிருச்சுங்க. நல்லா எறங்கிருச்சு."

நான் அப்புடியே சுவத்தோரமா உக்காந்துட்டேன் தம்பி. வாய் விட்டு அழுதுட்டனுங்க. அம்பத்திநாலு வயசுல, மூணு யாவாரிகளுக்கு முன்னால, சின்னக் கொழந்தையாட்டம்.

காளியண்ணன் மச்சான் மூஞ்சி வெளுத்துப்போச்சு. குனிஞ்சு என்னக் கேக்கறாரு, "மாப்பிள, ஆஸ்பத்திரிக்கே போன் வந்திருச்சா? மூட்டைக்கு எவ்வளவு எறங்கிச்சு?" அழுதுக்கிட்டே தலைய மட்டும் ஆட்டுனேன். "நீங்க எவ்வளவு இருப்பு வெச்சிருக்கறீங்க?"ன்னாரு. குடோன் நெறையங்கற மாதிரிக் கையக் காட்டுனேன். அடப் பாவமேன்னு என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. அதுக்குள்ள மத்த ரெண்டு பேரும் போனத் தூக்கிக்கிட்டு மாடிப்படிக்கு ஓடிட்டாங்க. இருக்கற மூட்டையத்தனையும் வந்த வெலைக்குத் தள்ளுடான்னு ஒருத்தன் கத்தறான், ஐசியூவுக்கே கேக்குது. மச்சானும் என்னச் சுவத்துல சாய்ச்சு வெச்சுப்போட்டு, ஆர்லிக்சு பாட்டில மடியில குடுத்துப்போட்டு, அவுரும் ஓடுனாரு.

அந்தப் புரளியில சந்தையில வெல நெசமாவே எறங்கிப்போச்சுங்க. ஆஸ்பத்திரிக்குக் கட்ட நான் சரக்க வித்தாகோணும். கேட்ட வெலைக்குக் குடுத்தேன். அவ சக்கரை எறங்கி அவ பொழச்சா, என்ற சக்கரை எறங்கி நான் படுத்துட்டேன். சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்ல. நானும் இப்பச் சிரிக்கறேன்.

பொண்ணு கண்ணு முழிச்சதும் மொதக் கேள்வி, "அப்பா, மருந்த எங்க வெச்சீங்க?" டாக்டரம்மா சொல்லிப்போட்டுது. நான், குடிக்கறதுக்கு எளநி வேணுமா கண்ணுன்னு கேட்டேன். அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

அதுக்கப்பறம் மூணு மாசமா, தம்பி, எங்கூட்டுப் பிரிட்ஜுல ஒரு டப்பா இருக்குது. மேல எழுதி ஒட்டிருக்குது. என்னன்னா, "அப்பா தொடக் கூடாது." நான் காசு குடுத்து வாங்குன பிரிட்ஜு! ஒரம்பரை வந்தா எல்லாரும் படிக்கறாங்க. மரியாதைங்கறது எங்கூட்டுல சுத்தமாப் போச்சு. மாசாமாசம் ஆத்தாக்காரிதான் ஈரோட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போயி வாங்கியாறா. முந்தாநேத்து அவ கெணத்து மேட்டுல வழுக்கிக் காலு பெசகிக்கிச்சு. பொண்ணுக்கு இன்னிக்குப் பரிச்சை. வேற வழியில்லாம என்ன அனுப்பிருக்கறா.

ஆமாங்க. மோரில்லீங்க. மருந்துதானுங்க. மன்னிச்சுக்கோங்க, வாய் பழகிப்போச்சு.

காலையில அம்முணி என்ன வாசல்ல நிறுத்தி வெச்சு ஒப்பிக்கச் சொன்னா பாருங்க, பள்ளிக்கொடத்துப் பையனாட்டம். வெயில் படக் கூடாது. ஐஸ் மேல நேரா வெக்கவுங் கூடாது, ஒறைஞ்சாலும் கெட்டுப்போகுமாம். துணி சுத்தி வெக்கோணும். வெயிலும் ஆகாது, பனியும் ஆகாது, புது மாப்பிள்ளையவிட மோசமுங்க இது. எல்லாஞ் சொல்லிப்போட்டு, "இதையும் கெடுத்துப்போட்டீங்கன்னா அப்பா..."ன்னா. மிச்சத்தச் சொல்லல. பையத் தூக்கிக்கிட்டுக் காலேஜுக்குப் போயிட்டா. அந்தச் சொல்லாத மிச்சம் காலையில இருந்து என்ற நெஞ்சுல கெடந்து குத்துதுங்க.

அங்க பெரியாஸ்பத்திரியில வரிசையில போயி நிக்கறேன், எனக்கு முன்னால நிக்கற முதுகு தெரிஞ்ச முதுகாட்டம் இருக்குது. திரும்புனா, காளியண்ணன் மச்சான்! கையில வயர்கூடை. "என்ன மாப்பிள, இக்கட்ட?"ன்னாரு. ஒரம்பரை ஒருத்தரு அட்மிட்டாயிருக்கறாரு, பாக்க வந்தேன்னேன். நீங்க? "நானும் ஒரம்பரையத்தான்"னாரு. ரெண்டு பேரும் ஒரம்பரையப் பாக்க இன்சுலின் வரிசையில ஒரு மணி நேரம் ஒண்ணாவே நின்னோம். மழை பேசுனோம், கரும்பு வெல பேசுனோம். சன்னல்கிட்டப் போனதும் உள்ள இருந்த பொண்ணு, "வாங்கய்யா, போன மாசம் வரலியே, ஊசிய நிறுத்திட்டீங்களா?"ன்னு அவரப் பாத்துக் கேக்குது. எட்டு வருசமா அவருக்கு இருக்குதாமுங்க. எட்டு வருசம் எதுத்த கடையில! எனக்குக் கோவந்தான் வந்துச்சு. இப்புடியா ஒரு மனுசன் மறைப்பான்?

என்ற டப்பாவப் பாத்துப்போட்டு அவரேதான் துண்டக் கிழிச்சுச் சுத்திக் குடுத்தாரு. "ஐசு இதுல படக் கூடாது மாப்பிள"ன்னாரு. வேற ஒண்ணும் கேக்கல. நானும் கேக்கல.

மனுவா? குடுக்கலீங்க தம்பி. கலெக்டர் ஆபீசு வாசல் வரைக்கும் போனேன். வரிசை ரோடு வரைக்கும் நிக்குது. டப்பாவத் தொறந்து பாத்தா ஐசு பாதி கரைஞ்சிருச்சு. அஸ்கா நோய்ங்கற பேர அடுத்த திங்கக்கெழமகூட மாத்திக்கலாம், ஐசு நிக்காதுங்களே. இருக்கட்டும், மனுவும் வீண்போகல. சித்தோட்டுல இருந்து பைக்கு நெழல் குடுத்துக்கிட்டுத்தான வருது.

வந்திருச்சுங்க, ஊரு வந்திருச்சு. அய்யோ, அங்க பாருங்க, நீலத் துப்பட்டா, ஸ்டாப்புல நிக்கறாளே, அதுதானுங்க என்ற பொண்ணு. பரிச்சை முடிஞ்சு நேரா இங்கயே வந்து நிக்கறா பாருங்க. எனக்காவ இல்லீங்க, டப்பாவுக்காவ. கண்டக்டரே, சித்த இருங்க, வயசானவன் எறங்கறேன், வெரசுபடுத்தாதீங்க. வாரனுங்க தம்பி. வெயில்ல உக்கார வெச்சுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. இந்தாம்முணி, புடி. புடி, பாத்து. தொறந்து நீயே தொட்டுப் பாரு. துணிக்குள்ள இருக்குது, உள்ள கைய வுட்டுப் பாரு. என்ன சாமி? என்ன சொல்ற?

ஏனுங்க தம்பி! தம்பி! சன்னலுக்கு வாங்க! சில்லுன்னு இருக்குதாமுங்க!